ஊர் முன்னேறியதா, கெட்டுப்போனதா? நாற்பது பக்க நோட்டில் கணக்குப் பார்க்கும் முறை

முதலில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். கட்டம் போட்ட கணக்கு நோட்டாக இருந்தால் நல்லது. பேனா இரண்டு வேண்டும், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. சிவப்பு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். போனில் குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். வேண்டாம். வயசானவர்கள் முன்னால் போனை எடுத்தால் பேச்சு நின்றுவிடும். படம் பிடிக்கிறார்களோ என்று முந்தானையைச் சரிசெய்ய ஆரம்பித்துவிடுவார்கள். நோட்டு என்றால் பயமில்லை. அவர்கள் ஆயுசில் எத்தனையோ பேர் வந்து நோட்டில் எழுதிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரே சண்டை. என் அண்ணன், "அந்தக் காலத்துல களியும் கீரைக் கடைசலும் தின்னுட்டு கல்லு மாதிரி இருந்தோம், இப்ப வீட்டுக்கு ரெண்டு சுகர் பேஷண்ட்" என்பார். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் போனை நீட்டி, உலகத்தில் குழந்தைச் சாவு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது, வறுமை குறைந்துவிட்டது என்று கோடு கோடாகக் காட்டுவான். மாமனும் மருமகனும் சாப்பாடு ஆறும்வரை பேசுவார்கள். இரண்டு பேரும் சொல்வது பொய்யில்லை, அதுதான் சங்கடம்.

நான் 1985-இல் வேலைக்குச் சேர்ந்து 34 வருஷம் தர்மபுரி மாவட்டத்தில், பெரும்பாலும் பென்னாகரம் பக்கம், கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். ஊருக்கு நர்சம்மா. தடுப்பூசிப் பெட்டி ஒரு தோளில், பதிவேடு ஒரு கையில். பிறப்பு எழுதினேன், இறப்பு எழுதினேன், யார் வீட்டில் எத்தனை மாதம் என்று எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் போகவில்லை. அந்தப் பழக்கத்தில்தான் அண்ணனுக்கும் மகனுக்கும் நடுவில் இந்த நோட்டைப் போட்டேன். நீங்களும் போடலாம். நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆகும்.

நோட்டின் முதல் பக்கத்தில் மூன்று சொல் எழுதிவையுங்கள்: யாருக்கு, எதில், எப்போதிலிருந்து. "காலம் கெட்டுப்போச்சு" என்று யாராவது சொன்னால் இந்த மூன்றையும் கேட்கவேண்டும். "காலம் முன்னேறிப்போச்சு" என்று சொன்னாலும் இதே மூன்றுதான்.

பிறந்தது எத்தனை, நிலைத்தது எத்தனை

இதிலிருந்துதான் ஆரம்பிக்கவேண்டும். விலைவாசியில் ஆரம்பித்தால் எல்லாரும் பொருளாதார நிபுணர் ஆகிவிடுவார்கள்.

உங்கள் ஊரில் எழுபது வயதைத் தாண்டிய பெண்கள் ஐந்து பேர், ஐம்பதை ஒட்டியவர்கள் ஐந்து பேர், முப்பதுக்கு உட்பட்ட தாய்மார்கள் ஐந்து பேரைத் தேர்ந்தெடுங்கள். சொந்தக்காரர்களாக மட்டும் எடுக்காதீர்கள். மத்தியானம் இரண்டு மணிக்கு மேல், நாலு மணிக்குள் போங்கள். மருமகள் பக்கத்தில் இருந்தால் மாமியார் பேசமாட்டார், மாமியார் இருந்தால் மருமகள் பேசமாட்டாள். வெற்றிலை பாக்கு கொண்டுபோனால் தப்பில்லை.

"எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் உயிரோடு இருப்பவர்களைத்தான் சொல்வார்கள். "பொறந்தது எத்தனை, நிலைச்சது எத்தனை?" என்று கேட்கவேண்டும். எங்கள் பக்கம் அதுதான் பேச்சு.

எண்பதைத் தாண்டிய ஒரு ஆயாவிடம் இப்படிக் கேட்டபோது, கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வந்தார். "மூத்தது பொண்ணு, அம்மை வாத்து போயிடுச்சு. அடுத்தது உங்க சித்தப்பன் வயசு, இருக்கிறான். அதுக்கடுத்தது பையன், ஏழாம் நாள் இழுப்பு வந்துச்சு." இப்படி ஏழு கணு தொட்டார். நாலில் நிறுத்தாமல் தாண்டினார், மூன்றில் நிறுத்திப் பெயர் சொன்னார். அதாவது பிறந்தது ஏழு, நிலைத்தது மூன்று. சொல்லும்போது அழவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே சொன்னார்.

அந்த ஏழாம் நாள் இழுப்பு என்பது பிறந்த குழந்தைக்கு வரும் டெட்டனஸ். தொப்புள்கொடியைக் கதிர் அறுக்கிற அரிவாளால் வெட்டி, மேலே சாம்பலோ சாணியோ வைத்தால் வரும். தாய்க்கு இரண்டு ஊசி, ஒரு புது பிளேடு, சுத்தமான நூல், வராமல் தடுக்க இவ்வளவு போதும். தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டது என்று 2015-இல் அறிவித்தார்கள். தொலைக்காட்சியில் யாரும் பெரிதாகப் பேசியதாக நினைவில்லை. எனக்கு அந்த ஆயா தொட்ட மூன்றாவது கணு ஞாபகம் வந்தது.

வருஷம் கேட்டால் சொல்லத் தெரியாது. நிகழ்ச்சியை வைத்துப் பிடிக்கவேண்டும். எமர்ஜென்சிக்கு முன்னாலா பின்னாலா, இந்திரா காந்தி செத்த வருஷமா (1984), எம்.ஜி.ஆர். செத்ததற்கு முன்னாலா (1987), சுனாமிக்கு அப்புறமா (2004) என்று நெருக்கிக்கொண்டே போனால் ஒரு வருஷம் முன்னே பின்னே கிடைத்துவிடும். ஊர்த் திருவிழா நின்றுபோன வருஷம், பஸ் முதலில் வந்த வருஷம் என்று உங்கள் ஊருக்கென்று ஒரு பட்டியலும் தயார் செய்துகொள்ளுங்கள்.

என் பதினைந்து பேரின் கணக்கு இது: மூத்த ஐந்து பேருக்குப் பிறந்தது 37, நிலைத்தது 24. நடு ஐந்து பேருக்குப் பிறந்தது 15, நிலைத்தது 14. இளைய ஐந்து பேருக்குப் பிறந்தது 9, ஒன்பதும் இருக்கின்றன. பதினைந்து பேரை வைத்து நாட்டுக்குத் தீர்ப்பு சொல்லமுடியாது. ஆனால் பெரிய கணக்கும் இதே திசையில்தான் போகிறது. 1971-இல் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 129 ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-இல் 28. தமிழ்நாட்டில் 13.

"அந்தக் காலத்துல எல்லாரும் தொண்ணூறு வயசு இருந்தாங்க" என்று அண்ணன் சொல்வதன் ஓட்டை இங்கேதான் இருக்கிறது. சுதந்திரம் வந்த சமயம் இந்தியரின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டி இருந்தது. அதற்காக எல்லாரும் 32-இல் செத்தார்கள் என்று அர்த்தமில்லை. குழந்தைகள் கொத்துக் கொத்தாகப் போனார்கள், தப்பித்தவர்கள் அறுபது எழுபது வரை இருந்தார்கள், இரண்டையும் கலந்தால் 32 வரும். இன்று அது 70. களி தின்று கல்லு மாதிரி இருந்த கதையைச் சொல்ல அண்ணன் இருக்கிறார். அவருக்கு மேலே பிறந்த இரண்டு பேர் அதே களி தின்றவர்கள்தான், திண்ணைக்கு வந்து பேச அவர்கள் இல்லை.

இன்னொரு சுலபமான சோதனை. முகத்தில் அம்மைத் தழும்பு குழி குழியாக இருப்பவரைப் பார்த்தால் வயது கேட்கவேண்டாம். பெரியம்மை இந்தியாவில் கடைசியாக வந்தது 1975-இல். அந்த முகம் உங்கள் ஊரில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். இன்னும் சில பத்து வருஷத்தில் எண்ண ஆள் இருக்காது.

இப்போது சிவப்புப் பேனா. பிறந்தது, நிலைத்தது இரண்டிலும் பெண் குழந்தையைச் சிவப்பில் எழுதுங்கள். எங்கள் பக்கமும் சேலம் பக்கமும் உசிலம்பட்டி பக்கமும் இதை எழுதாமல் கணக்கு முடியாது. பெற்ற பெண் குழந்தையைக் கொல்லாமல் அரசிடம் விட்டுவிடட்டும் என்றுதான் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தார்கள், எல்லாருக்கும் தெரியும். பிறகு ஸ்கேன் வந்தது, வயிற்றிலேயே பார்த்துக் கலைத்தார்கள். 2001 கணக்கெடுப்பில் தர்மபுரி மாவட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பெண் குழந்தைகள் 826 தான். 2011-இல் 900-ஐத் தாண்டியது. ஏறியது நல்லதுதான், ஆனால் எங்கிருந்து ஏறியது என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

பதிவேட்டை நம்புமுன்

என் சொந்தக் கதையில் ஒன்று சொல்கிறேன். பழைய நாட்குறிப்புகளைப் பரணிலிருந்து எடுத்துப் பார்த்தபோது 1986-இல் என் பகுதியில் இரண்டே சிசு மரணம். 1991-இல் ஒன்பது. அப்படியானால் ஐந்து வருஷத்தில் நிலைமை நாசமாகிவிட்டதா? இல்லை. 1986-இல் நான் புதுசு. பஸ் போகிற ஊர்களுக்கு மட்டும் போவேன். மலையடிவாரத்துக் குக்கிராமங்களுக்கு மாதம் ஒருமுறை போவதே பெரிது, அங்கே பிறந்ததும் தெரியாது போனதும் தெரியாது. அப்புறம் டி.வி.எஸ். 50 வாங்கினேன். வண்டி போன இடத்திலெல்லாம் சாவு பதிவில் ஏறியது. அது வரை எண்ணாமல் விட்டதற்கு நான்தான் பொறுப்பு.

பெண் குழந்தைகள் மூன்றாம் நாள், நாலாம் நாள் போன வீடுகளில் காரணம் என்ற கட்டத்தில் "குறைமாதம்" என்றும் "மூச்சுத்திணறல்" என்றும் எழுதியிருக்கிறேன். சொன்னதை எழுதினேன். குழந்தை மூன்று கிலோ இருந்ததை அதே பக்கத்தில் நானே எழுதியும் இருக்கிறேன்.

ஆகவே யாராவது ஒரு எண்ணைக் காட்டி கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்றால் இரண்டு கேள்வி: இதை எண்ணியது யார், முன்னால் எண்ணியவரும் இதே இடங்களுக்குப் போனாரா? அப்புறம் "எத்தனைக்கு எத்தனை" என்பதைக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரியில் சாவு கூடுகிறது என்று பேசிக்கொள்வார்கள். முன்பெல்லாம் வீட்டிலேயே இறந்தவர்களை இப்போது 108 அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் 108 ஓட ஆரம்பித்தது 2008-இல். அதற்கு முன்னால் கட்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன், பாதி வழியில் திரும்பியதையும் பார்த்திருக்கிறேன்.

விலையை ரூபாயில் எழுதாதீர்கள்

"அப்போ பவுன் ஆயிரத்து எழுநூறு" என்று பெருமூச்சு விடுவது எல்லா வீட்டிலும் உண்டு. ரூபாய்க் கணக்கை நோட்டில் ஏற்றினால் எல்லாமே கெட்டுப்போனதாகத்தான் தெரியும். அதனால் விலையைக் கூலி நாளாக மாற்றுங்கள். அந்தப் பொருளை வாங்க எத்தனை நாள் வெயிலில் நிற்கவேண்டும்? அதுதான் விலை.

1986-இல் எங்கள் பக்கம் கொல்லை வேலைக்கு ஆண் கூலி பத்து ரூபாய், பெண் கூலி ஐந்து. கடை அரிசி கிலோ நாலு ரூபாய். ஒரு நாள் வேலைக்கு ஆணுக்கு இரண்டரைக் கிலோ, பெண்ணுக்கு ஒன்றேகால். 2024-இல் ஆண் கூலி 700, பெண் கூலி 350, அரிசி 55 ரூபாய் என்று வைத்தால் பன்னிரண்டு கிலோவுக்கு மேல், ஆறு கிலோவுக்கு மேல். இதில் 2011 முதல் ரேஷனில் விலையில்லாமல் கிடைக்கும் அரிசியைச் சேர்க்கவில்லை, அதைத் தனி வரியில் எழுதுங்கள். அந்த நாளில் அரிசிச் சோறு என்பது எங்களுக்குத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அண்ணன் களியைக் கொண்டாடுகிறார். களி தவிர வேறில்லை என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார். இப்போது அவரே கடையில் ராகி மாவு பாக்கெட் கேட்டு வாங்குகிறார், அது வேறு கதை.

கவனித்தீர்களா, ஆண் கூலியில் பாதி பெண் கூலி. அன்றும் பாதி, இன்றும் பாதி. இந்த வரியை நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன்.

சைக்கிள் அன்று அறுபது நாள் கூலி, இன்று ஒன்பது நாள்கூட இல்லை. எனக்கு நகை எடுத்தபோது ஒரு பவுன் 170 நாள் ஆண் கூலி. 2024 நடுவில் பவுன் 54,000 பக்கம் இருந்தபோது 77 நாள். அதற்குப் பிறகு தங்கம் ஏறிய ஏற்றத்தில் அந்தக் கட்டத்தை இரண்டு முறை அடித்து எழுதிவிட்டேன். எந்த மாதத்து விலை என்று போட மறக்காதீர்கள்.

இதுவரை என் மகன் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த பக்கத்தில் மனை. ரோட்டோரம் ஒரு சென்ட் அன்று ஐந்நூறு ரூபாய், ஐம்பது நாள். இன்று இரண்டு லட்சம், 285 நாள். ஐந்து சென்டில் ஒரு வீடு கட்ட நினைக்கும் கூலிக்காரனுக்கு மனைக்கே ஐந்து வருஷத்து வேலை. பொறியியல் கல்லூரிச் சம்பளம், தனியார் ஆஸ்பத்திரிச் செலவு, கல்யாண மண்டபம், இவற்றையும் இதே பக்கத்தில் போடுங்கள். கடையில் வாங்கித் தூக்கிக்கொண்டு வரும் சாமான் எல்லாம் மலிந்திருக்கிறது. நிலம், படிப்பு, வைத்தியம் ஏறிவிட்டது. என் நோட்டில் கோடு இவ்வளவு தெளிவாக விழுந்ததைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

ஒரு பொறி இருக்கிறது, அதில் நானும் விழுந்தேன். கூலி பத்து ரூபாய் சரி, அது வருஷத்தில் எத்தனை நாள் கிடைத்தது? மழை பெய்து களை எடுத்து அறுப்பு முடிகிறவரை வேலை. மற்ற மாதங்களில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள், இல்லையென்றால் கல் உடைக்கப் போவார்கள். இப்போதும் ஊரில் வேலை கிடைத்துவிடவில்லை. பெங்களூர் கட்டட வேலைக்கும் திருப்பூருக்கும் போய்விடுகிறார்கள். நாள் கணக்கு கூடியிருக்கிறது. வீட்டில் பேரனை வைத்துக்கொண்டு கிழவன் கிழவி மட்டும் இருக்கிறார்கள். அதற்கு ஒரு கட்டம் போடுங்கள்: மாதத்தில் எத்தனை ராத்திரி குடும்பம் ஒன்றாகச் சாப்பிடுகிறது.

தண்ணீரைப் பல்லில் பார்ப்பது

எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு சோதனை இருக்கிறது, மற்ற ஊர்க்காரர்களும் அவரவர் ஊருக்குத் தகுந்தது கண்டுபிடிக்கலாம். சிரிக்கச் சொல்லிப் பல்லைப் பாருங்கள்.

ஃப்ளோரைடு அதிகமுள்ள தண்ணீரைச் சின்ன வயதில், நிலைப்பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில் குடித்தால் பல்லில் பழுப்புக் கோடு விழும். எட்டு வயதுக்கு மேல் அதே தண்ணீரைக் குடித்தால் பல்லில் விழாது, மூட்டிலும் முதுகிலும் இறங்கும். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. எங்கள் பக்கத்துப் பாறையிலேயே அந்த உப்பு இருக்கிறது. ஆழமாகப் போகப்போகக் கூடும்.

எங்கள் ஊரில் அறுபத்தைந்து வயதுக்காரர்களுக்குப் பல் இருந்தால் வெள்ளையாக இருக்கிறது. அவர்கள் குடித்தது திறந்த கிணற்றுத் தண்ணீர். அதில் வயிற்றுப்போக்கு வந்து செத்தவர்கள் உண்டு, பல் மட்டும் சுத்தம். பிறகு கிணறு வற்றியது, போர்வெல் வந்தது. நூற்றைம்பது அடி, முந்நூறு அடி, இப்போது ஆயிரம் அடியைத் தாண்டிப் புழுதிதான் வருகிறது. வயிற்றுப்போக்கு குறைந்தது. 1985-க்கும் 2010-க்கும் நடுவில் பிறந்த பிள்ளைகளின் முன்பல்லைப் பாருங்கள், காவி ஏறிய கோடு. ஒரு பெண் கல்யாணத்துக்குப் படம் எடுக்கும்போது உதட்டை மூடிக்கொண்டே நின்றாள். அவளுக்கு அம்மா பால் கொடுப்பதை நிறுத்திய வாரம் நான்தான், "கிணத்துத் தண்ணி குடுக்காதீங்க, போர் தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தவள். அன்றைக்கு அதுதான் சரியான அறிவுரை என்று எங்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

2013-இல் ஜப்பான் கடனுதவியோடு கட்டிய ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர் வந்தது. காவிரி நாற்பது கிலோமீட்டருக்குள் ஓடியும் அதைக் குடிக்க அத்தனை வருஷம் ஆனது. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு இப்போதுதான் நிலைப்பல் முளைத்து முடிகிறது. போன மாதம் பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தேன். பெரும்பாலும் வெள்ளை. சில வாயில் இன்னும் கோடு இருக்கிறது. விசாரித்தால், குழாய் வராத நாளில் போர் தண்ணீர். எந்தத் தெரு என்று கேட்டால் வாய்க்கால் கடைமடை மாதிரி குழாயின் கடைசித் தெரு.

தண்ணீர்ப் பக்கத்தில் இன்னொரு கட்டமும் வேண்டும், யார் சுமந்தது. என் அம்மா ஒரு நாளைக்கு ஆறு நடை, ஒவ்வொன்றும் முக்கால் மைல். இப்போது வீட்டு வாசலில் குழாய். இந்த மாறுதலைக் கணக்கில் சேர்க்காமல் ஆண்கள் "என்ன பெரிய முன்னேற்றம்" என்பார்கள். குடத்தைத் தூக்கியவரைக் கேளுங்கள்.

உடம்பு

இதை வேகமாக முடிக்கலாம், ஏனென்றால் எல்லார் வீட்டிலும் தெரிந்ததுதான். அன்று செத்தது கிருமியால், இன்று படுப்பது சர்க்கரையால். 2023-இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வு இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிக்கு மேல் என்றது. தமிழ்நாட்டில் பிரசவம் கிட்டத்தட்ட அத்தனையும் ஆஸ்பத்திரியில், அதில் நூற்றுக்கு 45 அறுவை (2019–21). பாதிப் பெண்களுக்கு மேல் இன்னும் ரத்த சோகை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த அதே சிவப்பு இரும்பு மாத்திரையைத்தான் ஓய்வு பெற்ற நாளிலும் கொடுத்தேன். பாதிப்பேர் முற்றத்து முருங்கை மரத்தடியில் எறிவார்கள், எனக்குத் தெரியும், அவர்களுக்கும் எனக்குத் தெரியும் என்பது தெரியும்.

ஊரும் காலனியும் தனித்தனிப் பக்கம்

இதைச் செய்யாவிட்டால் மேலே செய்தது எல்லாம் வீண். உங்கள் பதினைந்து பேரும் ஊரிலிருந்தே இருந்தால் உங்கள் நோட்டு ஊரின் நோட்டு, அவ்வளவுதான். காலனியிலும், அதாவது தலித் மக்கள் குடியிருக்கும் பக்கமும், அதே கேள்விகளைக் கேளுங்கள், எண்களைக் கூட்டாமல் எதிரெதிர்ப் பக்கத்தில் எழுதுங்கள். குழாய் எந்த வருஷம் வந்தது, ரோடு எந்த வருஷம், முதல் பட்டதாரி எந்த வருஷம். என் நோட்டில் ஊருக்கும் காலனிக்கும் ஒவ்வொன்றிலும் எட்டிலிருந்து பதினைந்து வருஷம் இடைவெளி இருக்கிறது. இரண்டு பக்கமும் ஏறுகின்றன, இடைவெளி மட்டும் குறையவில்லை.

சில விஷயத்துக்கு எண்ணே கிடையாது. டீக்கடையில் யாருக்கு எந்தக் கிளாஸ் என்பது எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. 2012 நவம்பரில் இதே தர்மபுரியில் நத்தம் காலனி உட்பட மூன்று குடியிருப்புகளில் நூற்றுக்கணக்கான வீடுகள் கொளுத்தப்பட்டன. சாதி மீறிய காதல் கல்யாணம் ஒன்றுதான் காரணமாகச் சொல்லப்பட்டது. அந்த வருஷம் தடுப்பூசி, பிரசவம், பள்ளிச் சேர்க்கை என்று எதை எடுத்தாலும் எங்கள் மாவட்டத்து எண்கள் முந்தின வருஷத்தைவிட நன்றாகவே இருந்திருக்கும். எரிந்தவற்றில் அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகளும் இருந்தன. நோட்டில் இதற்கு எந்தக் கட்டம் போடுவது என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை. தேதியை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்.

பெரிய எண்களோடு ஒட்டிப் பார்ப்பது

உங்கள் பக்கங்கள் நிரம்பிய பிறகுதான் இதற்கு வரவேண்டும், முதலில் அல்ல. தேசியக் குடும்ப நல ஆய்வு என்று ஒன்று உண்டு. ஐந்தாவது சுற்று 2019–21. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் சில பக்கத் தாள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். இந்தச் சுற்று, போன சுற்று என்று இரண்டு பத்தி பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எண் அடைப்புக்குறிக்குள் இருந்தால் மிகக் குறைந்த ஆட்களைக் கேட்டு எழுதியது என்று அர்த்தம், அதை வைத்துச் சண்டை போடாதீர்கள். நட்சத்திரக் குறி இருந்தால் ஆளே போதவில்லை என்று விட்டுவிட்டார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-க்குப் பிறகு நடக்கவில்லை, அடுத்தது 2027-இல் என்று அறிவித்திருக்கிறார்கள். அதனால் "தலைக்கு இவ்வளவு" என்று யாராவது இன்று சொன்னால் அந்தத் தலைகளை எண்ணிப் பல வருஷம் ஆகிறது.

மகன் காட்டும் உலகக் கணக்கையும் ஒரு பக்கத்தில் ஒட்டினேன். 1990-இல் உலகில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 93 ஐந்து வயதுக்குள் இறந்தன, 2022-இல் 37. அதன் பக்கத்திலேயே காற்றில் கரியமில வாயுவையும் எழுதச் சொன்னேன்: அதே 1990-இல் பத்து லட்சத்துக்கு சுமார் 354 பங்கு, 2024-இல் 420-க்கு மேல். "இதையும் அதையும் எப்படிம்மா கூட்டறது?" என்றான். கூட்டக்கூடாது. ராகிப் படியையும் புடவை முழத்தையும் யாராவது கூட்டுவார்களா? ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று ஒரு அம்புக்குறி, அது யாருக்கு என்று ஒரு சொல், அவ்வளவு போதும். மொத்த மதிப்பெண் போட்டால் அண்ணனோ மகனோ அதை வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டு நோட்டை மூடிவிடுவார்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு வீட்டுக்கும் கீழே இரண்டு வரி காலியாக விடுங்கள். நான் விடவில்லை. கீரை ஆய்ந்த அந்த ஆயா பத்து நாள் கழித்துப் பேத்தியை என் வீட்டுக்கு அனுப்பியிருந்தார். "ஆயா சொல்லச் சொன்னாங்க. ஏழு இல்லையாம், எட்டாம். ஒண்ணு சாயங்காலம் பொறந்து விடியறதுக்குள்ள போயிடுச்சாம், பேரு வைக்கலையாம், அதான் விரல்ல வரலையாம்." பொண்ணா பையனா என்று கேட்டேன். அதைச் சொல்லி அனுப்பவில்லை. இடம் இல்லாததால் ஓரத்தில் நெருக்கி எழுதினேன். மேலே 37 என்று நான் எழுதியிருப்பதை 38 என்று திருத்திக்கொள்ளுங்கள். எந்த நிறப் பேனா என்று தெரியாமல் அதைப் பென்சிலில் எழுதியிருக்கிறேன்.